கோர்ஸ் முடிந்தது, இனி வேலை: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மஞ்சந்தொடுவாய் டெக் (தொழில்நுட்பக் கல்லூரி), அக்கரைப்பற்று டெக், கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் இருக்கிற உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள், அம்பாறை ஹார்டி நிறுவகம், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழில் பழகுநர் பயிற்சி தருகிற நைட்டா என்று எங்காவது ஓரிடத்தில் தொழில் படித்து முடித்தவர்களுக்கும் இந்த வருடம் முடிக்கப் போகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு வழி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏசி படித்தவனுக்கும் வெல்டிங் படித்தவனுக்கும் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) கணக்கியல் முடித்த பிள்ளைக்கும் "அடுத்தது என்ன செய்ய?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு.

கடைசிப் பரீட்சை முடிந்து சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சில மாதங்கள் போய்விடும், அந்த மாதங்களில்தான் நம்முடைய பிள்ளைகள் அதிகமாகக் காணாமல் போகிறார்கள். "சான்றிதழ் வரட்டும், பிறகு தேடுவோம்" என்று வீட்டில் இருப்பார்கள், சான்றிதழ் வந்ததும் அரச வேலைக்கு "வர்த்தமானி வரட்டும்" என்பார்கள், அதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும், கையில் இருந்த தொழிலும் பாதி மறந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: உங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டே இருங்கள், அது கோர்ஸின் ஆறாம் மாதத்திலேயே தொடங்கட்டும், சான்றிதழுக்காக நிற்க வேண்டாம்.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வேலை தொடங்கிவிட்டது

பெரும்பாலான கோர்ஸ்களில் வகுப்பு முடிந்ததும் வேலைத்தளப் பயிற்சி என்று ஒன்று வரும், பல கோர்ஸ்களுக்கு அது ஆறு மாதம். "வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கு?" என்று பார்த்து இடம் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பஸ் காசு மிச்சம் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு வேலை வருகிற கடையில் ஆறு மாதம் இருந்தால், நாளுக்குப் பத்து வேலை வருகிற இடத்தில் இரண்டு மாதம் கற்பதைக்கூடக் கற்க முடியாது. போய்ச் சேரும் முன் அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருக்கிற ஒருவரிடம் கேளுங்கள்: என்ன மாதிரி வேலைகள் வருகின்றன, பயிற்சிப் பிள்ளைகளைச் சாமானைத் தொட விடுகிறார்களா, அல்லது ஆறு மாதமும் தேநீர் வாங்கவும் சாவி எடுத்துக் கொடுக்கவும்தானா, சொல்லித் தரக்கூடிய ஒரு பழைய பாஸ், அதாவது அனுபவமுள்ள மூத்த தொழிலாளி, இருக்கிறாரா.

நம்முடைய மாவட்டங்களில் தொழில் இல்லை என்பது அரைகுறை உண்மை. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஏசி, குளிரூட்டி அறை, ஜெனரேட்டர், நீர்ப்பம்பி. அறுகம்பேயில் சின்னதும் பெரியதுமாக விடுதிகள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் பல நாள் படகுகளின் இயந்திரங்கள். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகள். கல்முனையிலும் காத்தான்குடியிலும் கடைகளும் கராஜ்களும். மருதமுனையில் நெசவு. வேளாண்மை செய்கிற ஊர் எல்லாவற்றிலும் உழவு இயந்திரமும் வெட்டு மெசினும். படித்த தொழில் இதில் எங்கே பொருந்தும் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள், குறைந்தது பதினைந்து இடமாவது வரும்.

இப்போது பயிற்சிக் குறிப்பேடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பிள்ளைகள் கடைசி வாரத்தில் ஒரே இருப்பில் இருந்து எழுதி முடிக்கிறார்கள். பல குறிப்பேடுகளில் "இன்று ஏசி சேர்விஸ் செய்தேன்", அடுத்த நாளும் "ஏசி சேர்விஸ் செய்தேன்" என்றே இருக்கும். இதைப் படித்து யாரும் வேலை தர மாட்டார்கள். அதே நாளை இப்படி எழுதலாம்: "12,000 பி.ரி.யூ. ஸ்பிளிட் ஏசி. உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. வெளி யூனிற்றில் கொம்பிரசர் உறுமுகிறது, தொடங்கவில்லை. பவரை நிறுத்தி, கப்பாசிற்றரை டிஸ்சார்ஜ் பண்ணி, மீற்றரில் பார்த்தோம். 35 என்று எழுதியிருந்தது, 22தான் காட்டியது. புதியது போட்டதும் வேலை செய்தது. பாஸ் கழற்றினார், நான் அளந்தேன், நான் பூட்டினேன்." ஏழெட்டு வரிதான், எழுதப் பத்து நிமிடம் போதும். ஆனால் வேலை கொடுக்கிறவர் அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனே மூன்று விஷயம் தெரிந்துகொள்வார்: இந்தப் பிள்ளை பிழை தேடத் தெரிந்தது, கரண்ட் விஷயத்தில் கவனமானது, தான் செய்ததையும் மற்றவர் செய்ததையும் பிரித்து உண்மை சொல்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

வேறு தொழில்களுக்கும் இதே மாதிரிதான். ஹோட்டல் படித்தவர் எந்தப் பகுதியில் நின்றார், ஒரு ஷிப்டில் எத்தனை அறை முடித்தார் என்று எழுதலாம். கணக்கியல் பிள்ளை எந்த மென்பொருளில் எந்தப் பதிவுகளைச் செய்தார், வங்கிக் கூற்றோடு கணக்கை ஒப்பிட்டாரா என்று எழுதலாம். ஐ.டி. பிள்ளைகள் செய்த புரொஜெக்ட்டை எங்காவது இணையத்தில் திறந்து பார்க்கிற மாதிரி வைத்திருந்தால், இரண்டு பக்க சி.வி.யைவிட அது அதிகம் பேசும்.

வேலை செய்ததைப் போட்டோவும் எடுங்கள், முன்னும் பின்னும். முதலாளியிடமோ பாஸிடமோ கேட்டுவிட்டு எடுங்கள், வாடிக்கையாளர் வீட்டு உள்பக்கமும் ஆட்களின் முகமும் படத்தில் வேண்டாம். பயிற்சி முடிகிற கடைசி நாளில் வெறுங்கையோடு வராதீர்கள். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை இருந்தீர்கள், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், நிறுவனத்தின் தலைப்புத் தாளில், கையெழுத்தும் முத்திரையும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். அவர்களுக்கு எழுத நேரம் இல்லை என்றால் நீங்களே அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டுங்கள், பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

ஃபைலைச் சரிபார்ப்பது

என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமை என்றால் என்னவென்று படித்து முடித்தவர்களுக்கே சில வேளை தெளிவில்லை. 1 முதல் 4 வரை சான்றிதழ் மட்டம், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். இந்தச் சான்றிதழுக்குப் பொறுப்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, அது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. எந்த நிலையத்தில் படித்தாலும் என்.வி.கியூ. 4 என்றால் நாடு முழுக்க ஒரே பெறுமதிதான், மட்டக்களப்பில் எடுத்தது கொழும்பில் எடுத்ததைவிடக் குறைந்தது இல்லை. அதே நேரம் ஊரில் நடக்கிற எல்லாத் தனியார் கோர்ஸும் என்.வி.கியூ. தருவதில்லை. காசு கட்ட முன், நிலையம் ஆணைக்குழுவில் பதிவானதா, நீங்கள் படிக்கப் போகிற அந்தக் குறிப்பிட்ட கோர்ஸ் அங்கீகாரம் பெற்றதா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம்.

ஃபைலில் இருக்க வேண்டியவை: பெறுபேற்றுக் கடிதம் அல்லது சான்றிதழ், சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் நற்சான்று, பயிற்சிக் கடிதம், குறிப்பேடு. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஈமெயிலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். வெள்ளமும் கறையானும் நம்முடைய ஊர்ச் சான்றிதழ்களை எத்தனை முறை தின்றிருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயர் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, டெக்கில் பதியும்போது ஆங்கிலத்தில் நாமே சொன்ன எழுத்து மூன்றாவது விதம். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. உள்ளூரில் ஒரு கராஜில் சேரும்போது இதை யாரும் பார்க்க மாட்டார்கள், வெளிநாட்டுக்கோ அரச வேலைக்கோ போகும்போதுதான் தடை வரும், அப்போது திருத்த ஓடுவது பெரிய அலைச்சல். அதனால் சான்றிதழ் அச்சாக முன்னரே, கோர்ஸ் நடக்கும்போதே, நிலைய அலுவலகத்துக்குப் போய்ப் பதிவில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்க வேண்டாம். "இரண்டு வருடம் நிற்பதற்கு உத்தரவாதமாகச் சான்றிதழைத் தந்துவிட்டுப் போ" என்று ஒரு முதலாளி கேட்டால், போட்டோக் கொப்பி கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். அதற்கு மேலும் பிடிவாதம் பிடித்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

சி.வி. ஒரு பக்கம் போதும். "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று எழுதுவதற்குப் பதிலாகப் பயன்படுத்தத் தெரிந்த மெசின்கள், கருவிகள், செய்து முடித்த வேலை வகைகள், ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, எந்தெந்த மொழி பேசுவீர்கள் என்று எழுதுங்கள்.

எங்கே, எப்போது தேடுவது

கிழக்கில் வேலைக்கு ஒரு காலக் கணக்கு இருக்கிறது, இதைத் தெரிந்து தேடுகிறவருக்குப் பாதி அலைச்சல் குறையும். பாசிக்குடா, அறுகம்பே சுற்றுலாக் காலம் சித்திரைக்குப் பிறகு சூடுபிடித்து செப்டெம்பர், ஒக்டோபர் வரை ஓடும், வாடைக் காற்று வந்ததும் கடல் கொந்தளித்துவிடும். ஆகவே ஹோட்டல் வேலைக்கு மே மாதம் போய்க் கதவைத் தட்டினால் ஆள் எடுத்து முடிந்திருக்கும், மாசி, பங்குனியிலேயே போய்விடுங்கள். ஏசி, வயரிங், பிளம்மிங் ஆட்களுக்கும் அந்த மாதங்கள் நல்லது, சீசனுக்கு முன்னர்தான் எல்லாவற்றையும் திருத்துவார்கள். பெரும்போக வேளாண்மை வெட்டு மாசி, பங்குனியில் வரும், அதற்கு முந்திய வாரங்களில் வெட்டு மெசினும் உழவு இயந்திரமும் கராஜில் வரிசை கட்டும், அப்போது இரண்டு கை கூடுதலாகத் தேவைப்படும். வெட்டு முடிய அரிசி ஆலைகள் இரவு பகலாக ஓடும். கார்த்திகை, மார்கழி மழையில் கட்டட வேலை படுத்துவிடும், அந்த நேரம் மேசன், அலுமினியம் வேலை தேடிக் கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம்.

நேரில் போவதுதான் இங்கே இன்னும் சிறந்த வழி. காலையில் கடை திறந்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய பிறகு போங்கள், அதற்கு முன் முதலாளிக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள். "வேலை இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும். "நான் குளிரூட்டல் படித்திருக்கிறேன், பயிற்சியில் இந்த வேலைகள் செய்தேன், இரண்டு மூன்று நாள் கூட நின்று காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று குறிப்பேட்டைத் திறந்து நீட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். ஆனால் அந்த இரண்டு மூன்று நாள் இரண்டு மூன்று நாளாகவே இருக்கட்டும், அது இரண்டு மாதமாக இழுபடக்கூடாது.

பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், வேலை தேடுவோரைப் பதிவு செய்வதும் தொழிற்சந்தை நடத்துவதும் அவர்கள் பக்கத்து வேலை. பலர் இப்படி ஒருவர் இருப்பது தெரியாமலே செயலகத்துக்குப் பத்து முறை போய்வருகிறார்கள். அவரிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள், மாதம் ஒரு முறை முகத்தைக் காட்டுங்கள். நீங்கள் படித்த நிலையத்தில் தொழில் வழிகாட்டல் பொறுப்பில் இருக்கிற சேரோ மிஸ்ஸோ இருந்தால் அவர்களிடமும் உங்கள் இலக்கம் இருக்கட்டும், நிறுவனங்கள் ஆள் தேவை என்றால் முதலில் அங்கேதான் கோல் எடுக்கும்.

உங்களுக்கு முந்திய பட்ச் அண்ணன்மார், அக்காமாரை மறந்துவிடாதீர்கள். யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் அதன் பெறுமதி பெரிது.

அரச வேலை: விண்ணப்பியுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள்

இதைத் தாய் தகப்பன்மாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஓய்வூதியம் இருக்கிற வேலையைப் பிள்ளைக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை, யுத்தமும் சுனாமியும் வெள்ளமும் பார்த்த சனம் நிரந்தரத்தைத் தேடுவது இயல்பு. என் மனக்கவலை காத்திருக்கிற வருடங்களைப் பற்றியது. இருபத்திரண்டு வயதில் வெல்டிங் முடித்த பிள்ளை இருபத்தாறு வரை வீட்டில் இருந்தால், அரச நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தாலும் அங்கே கேட்கிற கேள்விக்குக் கை நடுங்கும். அதே நான்கு வருடமும் தனியாரில் வேலை செய்த பிள்ளை அனுபவத்தோடு போய் நிற்கும். அனுபவம் கேட்கிற பதவிகளுக்கு அந்த வருடங்கள் கடிதத்தோடு இருந்தால் கணக்கிலும் சேரும். தனியார் வேலை செய்தால் அரச வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், இணையத்தில் தமிழிலேயே பார்க்கலாம். வயதெல்லை, கேட்கிற என்.வி.கியூ. மட்டம், முடிவுத் திகதி மூன்றையும் முதலில் பாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபால்தான், உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் எழுதியே ஆக வேண்டும், தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் தபாலில் போட்டால் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போய்ச் சேராது.

நேர்முகப் பரீட்சையும் செய்து காட்டுகிற சோதனையும்

தொழில் வேலைகளுக்குப் பெரும்பாலும் பேச்சு ஐந்து நிமிடம், செய்து காட்டுவது அரை மணித்தியாலம். எலக்ட்ரீஷியன் ஒருவரைச் சோதிப்பதற்கு ஒரு பலகையையும் இரண்டு சுவிட்சையும் ஒரு பல்ப் ஹோல்டரையும் கொடுத்து, மாடிப்படிக்குப் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இருந்து ஏற்றி அணைக்கிற வயரிங் செய்யச் சொல்வார்கள். சோதிக்கிறவர் பல்ப் எரிகிறதா என்பதைக் கடைசியில்தான் பார்ப்பார். அதற்கு முன் அவர் பார்ப்பது வேறு: வயரைத் தொட முன் மெயின் சுவிட்சை நிறுத்தினாரா, நிறுத்தியதை ரெஸ்டரால் உறுதி செய்தாரா, வயரின் தோலை உரிக்கும்போது செம்பைக் காயப்படுத்தினாரா, ஸ்குரூவுக்கு வெளியே செம்பு தெரிகிறதா, முடிந்ததும் துண்டு வயர்களைக் கூட்டி அள்ளினாரா. இந்த ஐந்தும் சரியாக இருந்து பல்ப் எரியாவிட்டாலும் "சரி, பழகிவிடுவான்" என்று எடுப்பார்கள். பல்ப் எரிந்தும் மெயினை நிறுத்தாமல் கை வைத்திருந்தால் எடுக்கப் பயப்படுவார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் உயிருக்கு அவர்கள்தான் பொறுப்பு.

தெரியாததைக் கேட்டால் "இதை நான் செய்ததில்லை, பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தலையைக் குனிந்து "நீங்க தாறதைத் தாங்க சேர்" என்று சொல்கிற பழக்கத்தை விடுங்கள். அதே வேலைக்கு ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்னரே விசாரித்து, ஒரு தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிங்களம் கட்டாயம் பழகுங்கள். அம்பாறை நகரத்திலும் ஹோட்டல்களிலும் கொழும்புக் கம்பனிகளிலும் சிங்களம் பேசத் தெரிந்த தொழிலாளி வேகமாக மேலே போகிறார், தெரியாதவர் நல்ல கை இருந்தும் பின்னால் நிற்கிறார். இலக்கணம் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் தொழிலில் வருகிற நூறு சொல்லையும், வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளையும் பழகினால் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் மறுப்பது பெரும்பாலும் வேலையை இல்லை, போய் வருகிற வழியையும் தங்குகிற இடத்தையும்தான். அதனால் நேர்முகப் பரீட்சையிலேயே கேளுங்கள்: இரவு ஷிப்ட் இருக்கிறதா, வாகனம் வீடு வரை வருமா சந்தி வரையா, விடுதி இருந்தால் பொறுப்பாளர் யார். முடிந்தால் சேர முன் உம்மாவையோ அம்மாவையோ கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள். இதைக் கேட்பதால் வேலை போய்விடாது, நல்ல நிறுவனம் இதற்குப் பதில் தயாராக வைத்திருக்கும்.

சேர்கிற நாளும் முதல் சம்பளமும்

நியமனக் கடிதம் இல்லாமல் சேராதீர்கள். பதவி, தொடங்கும் திகதி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், தகுதிகாண் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம், அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஓ.டி. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. படித்த தொழிலாளிக்கு இதைவிடக் கூடக் கிடைக்க வேண்டும், இது தரைமட்டம் மட்டுமே.

ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பக்கத்தில் இருந்து 12 வீதம் போட வேண்டும், அதோடு ஈ.ரி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் அவரே கட்ட வேண்டும். சம்பளம் 40,000 என்றால் உங்களிடம் 3,200 வெட்டப்படும், அவர் 4,800ம் 1,200ம் கட்டுவார், ஆக மாதம் 9,200 ரூபாய் உங்கள் பெயரில் சேரும். தகுதிகாண் காலம், தற்காலிகம், நாட்சம்பளம் என்றெல்லாம் சொல்லி இதைத் தள்ளிப்போட முடியாது, முதல் நாளில் இருந்தே உரித்து உண்டு. "ஈ.பி.எஃப். வெட்டாமல் அந்தக் காசையும் கையில் தருகிறேன்" என்று சொன்னால் சந்தோசப்பட வேண்டாம், அதில் நட்டம் உங்களுக்குத்தான். அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டை மாதாமாதம் ஃபைலில் போடுங்கள். சம்பளத்தில் வெட்டியும் கட்டவில்லை என்று தெரிந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம், அந்தச் சம்பளச் சீட்டுகள்தான் அங்கே உங்கள் சாட்சி.

வேலையில் முதல் மூன்று மாதம்

நேரத்துக்குப் போவது, போனைப் பையில் வைப்பது, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைப்பது. இவை எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது பாஸோடு பழகுகிற விதம். டெக்கில் நீங்கள் ஒரு முறையைப் படித்திருப்பீர்கள், முப்பது வருடம் தொழில் செய்தவர் வேறு முறையில் செய்வார். ஆட்கள் முன்னால் "டெக்கில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்" என்று திருத்தாதீர்கள், வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது "இதை ஏன் இப்படிச் செய்தீங்க?" என்று கேளுங்கள். பாதி நேரம் அவரிடம் நல்ல காரணம் இருக்கும், அது புத்தகத்தில் இருக்காது. ஆனால் பாதுகாப்பு விசயம் என்றால் பொறுத்திருக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்சை நேரடியாக இணைத்துவிடு, பெல்ட் இல்லாமல் கூரையில் ஏறு என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே மாட்டேன் என்று சொல்லுங்கள்.

சொந்தக் கருவிகளைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு நல்ல மீற்றர், ஒரு நல்ல குறடு, சப்பாத்து. மலிவு மீற்றர் தப்பான அளவு காட்டினால் நாள் முழுக்க இல்லாத பிழையைத் தேடுவீர்கள்.

வெளிநாடு, மேற்படிப்பு, சொந்தக் கடை

கத்தார், டுபாய் என்று மனம் போவது இயல்பு, என்.வி.கியூ.வும் இரண்டு வருட அனுபவக் கடிதமும் இருந்தால் கூலி வேலைக்குப் போகாமல் தொழில் வேலைக்குப் போகலாம், சம்பள வித்தியாசம் பெரிது. முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா, உங்களுக்குச் சொன்ன அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறாரா என்று பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற இலக்கத்திலோ கேட்டு உறுதி செய்யுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று ஊருக்குள் வந்து பேசுகிற உப முகவரிடம் கடவுச்சீட்டையும் காசையும் கொடுக்காதீர்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

படிக்க விரும்புகிறவர்கள் என்.வி.கியூ. 4ஓடு நிற்க வேண்டாம். வேலை செய்துகொண்டே 5, 6 என்று போகலாம், இரத்மலானையில் இருக்கிற தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் 7ஆம் மட்டம், அதாவது பட்டம் வரை பாதை திறந்திருக்கிறது. வீட்டில் தம்பியோ மச்சானோ படிக்காமலே தொழில் பழகியவராக இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள், செய்து வந்த வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி என்.வி.கியூ. எடுக்கிற வழி இருக்கிறது, நைட்டாவில் விசாரிக்கலாம்.

சொந்தக் கடை என்றால் இரண்டு மூன்று வருடம் மற்றவர் கடையில் நின்ற பிறகு யோசியுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், அங்கேயே சிறு தொழில் முயற்சிகளுக்கான உத்தியோகத்தரும் இருப்பார், கடன், பயிற்சி பற்றி அவரிடம் கேளுங்கள். பெரிய கடன் எடுத்துக் கடையை அலங்கரிக்க முன் ஒரு மோட்டார் சைக்கிளும் கருவிப் பெட்டியுமாக வீடு வீடாகப் போய் வேலை செய்து பாருங்கள். முதல் வேலையில் இருந்தே பில் புத்தகம் வையுங்கள். சாமான் விலை தனியாக, கூலி தனியாக எழுதுங்கள், மாற்றிய பழைய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், பில்லில் உங்கள் போன் இலக்கம் தெளிவாக இருக்கட்டும்.